குதிரை ஊர் லெக்சிங்டன்: லாயத்துக்குள் இருந்தவர்கள்

#1 வேம்படி

கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனுக்கு நான் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் குதிரைப் பண்ணையைக் காட்டச் சொல்வார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே எதிர்ப்பக்கம் கீன்லாண்ட் பந்தயத் திடல், பக்கத்தில் கேல்யூமெட் பண்ணையின் வெள்ளை வேலி. 'உலகின் குதிரைத் தலைநகர்' என்று ஊரே தன்னை அழைத்துக்கொள்கிறது. ஊரின் சுற்றுலாச் சின்னம்கூட ஒரு நீலக் குதிரைதான்.

போன மாதம் அம்மாவைக் கென்டக்கி ஹார்ஸ் பார்க்குக்கு அழைத்துப் போயிருந்தேன். நுழைவாசல் பக்கத்தில் மேன் ஓ வார் என்ற குதிரையின் பெரிய வெண்கலச் சிலை நிற்கும். அதன் அடியில்தான் அந்தக் குதிரையைப் புதைத்திருக்கிறார்கள். அங்கேயே இன்னொரு கல்லறையும் உண்டு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது எந்தக் குதிரைப்பா?" என்று கேட்டார். குதிரை இல்லைம்மா, மனுஷன் என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

அவர் ஐசக் மர்ஃபி. 1861-இல் பிறந்த கறுப்பின ஜாக்கி, அதாவது பந்தயக் குதிரை ஓட்டியவர். அப்பா உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து முகாமிலேயே இறந்தவர். மர்ஃபி, லூயிவில் நகரில் வருடாவருடம் நடக்கும் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை 1884, 1890, 1891 என மூன்று முறை வென்றார். 1896-இல் நிமோனியாவில் போனபோது வயது 35. லெக்சிங்டன் கிழக்குப் பகுதியில் கறுப்பினத்தவருக்கென இருந்த இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். காலப்போக்கில் எந்தக் குழி அவருடையது என்றே தெரியாமல் போய், 1960களில் ஒரு பத்திரிகைக்காரர் தேடிக் கண்டுபிடித்தார். 1967-இல் தோண்டியெடுத்து மேன் ஓ வார் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு குதிரையும் அவருமாக ஹார்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டார்கள்.

இந்த ஊரின் குதிரை வரலாற்றை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். படித்தவற்றை இங்கே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

#2 கரிசல்மண்

நல்ல இழை. ஒரு அடிப்படைக் கேள்வி அண்ணே. அமெரிக்கா அவ்வளவு பெரிய நாடு. குதிரை வளர்ப்பு ஏன் போய் இந்த ஒரு ஊரில் உட்கார்ந்தது? மண் காரணம், சுண்ணாம்புக்கல் காரணம் என்று சொல்கிறார்களே, அது உண்மையா, விளம்பரமா?

#3 வேம்படி

மண்ணுக்குப் பங்கு உண்டு. ஊருக்கு அடியில் கிடப்பது ஏறத்தாழ 45 கோடி வருடப் பழைய கடலடிச் சுண்ணாம்புப் பாறை. பாஸ்பேட் கலந்த பாறை. நிலவியலாளர்கள் அதற்கு 'லெக்சிங்டன் சுண்ணாம்புக்கல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மழைநீர் அதன் வழியாக இறங்கும்போது கால்சியமும் பாஸ்பரசும் மண்ணுக்கும் ஊற்றுக்கும் புல்லுக்கும் வந்து சேரும். வளரும் குட்டியின் எலும்புக்கு அவை இரண்டும் வேண்டும். ஆனால் 'புளூகிராஸ்' என்று பெயர் பெற்ற புல் இந்த மண்ணில் தானாக முளைத்தது இல்லை, ஐரோப்பாவிலிருந்து வந்தது. தன் பெயரையே இந்த வட்டாரத்துக்குக் கொடுத்துவிட்டது.

ஊரின் கதை இப்படி. 1775-இல் இங்கே கூடாரம் அடித்திருந்த சிலர், மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் சண்டை மூண்ட செய்தி கேட்டு அதே பெயரை இந்த இடத்துக்கு வைத்தார்கள். நிரந்தரக் குடியேற்றம் 1779-இல். வர்ஜீனியாவிலிருந்து மலை தாண்டி வந்தவர்கள் குதிரைகளோடு வந்தார்கள், அடிமைகளோடும் வந்தார்கள். பத்து வருடத்துக்குள்ளேயே தெருவில் பந்தயம் விட்டு, நடக்கிறவர்களுக்கு ஆபத்து என்று புகார் கிளம்பியிருக்கிறது. 1826-இல் கென்டக்கி அசோசியேஷன் என்ற பந்தயச் சங்கம் அமைந்தது. அதன் திடல் ஊரின் கிழக்குப் பகுதியில் 1933 வரை நடந்தது.

ஆகவே மண் மட்டும் போதாது, கரிசல். அதே சுண்ணாம்புப் பாறை இன்னும் எத்தனையோ இடத்தில் கிடக்கிறது. நல்ல புல் தின்ற குட்டியை ஓட்டக் குதிரையாக்கத் தெரிந்த ஆட்கள் இங்கே இருந்தார்கள்.

#4 தென்கடல்

கரிசல்மண்ணின் கேள்விக்கு மறுபக்கம் ஒன்று நம்மூரில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரை பிறப்பதில்லை, அரபுக் கடல் வழியாகத்தான் வந்து இறங்குகிறது என்று எழுதினார். மன்னர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள், குதிரைகள் செத்துக்கொண்டே இருந்தன. நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் கால் கோணலான சவலைக் குட்டிதான் பிறக்கிறது என்கிறார். லாடம் அடிக்கிறவனும் குதிரை வைத்தியனும் இல்லை, அப்படிப்பட்டவர்கள் அங்கே போய்ச் சேராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விலைபோகும்.

வேம்படி சொன்ன 'தெரிந்த ஆட்கள்' என்ற சொல்லைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. கையில் பணம் இருந்தது, வாங்கும் வெறியும் இருந்தது. லாயத்துக்குள் ஆள் இல்லை.

#5 சினைக்காலம்

கால்நடை மருத்துவம் படித்தவள். மூன்று ஈற்றுப் பருவம் லெக்சிங்டனைச் சுற்றியுள்ள பண்ணைகளில் வேலை பார்த்தேன். தென்கடல் சொன்னதில் வெப்பம், ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய், தீவனம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் ஆள் பற்றிச் சொன்னது சரி.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத சில விஷயங்களைச் சொல்கிறேன். தரோபிரட் என்ற பந்தயக் குதிரை இனத்துக்குச் செயற்கைக் கருவூட்டல் கிடையாது. பொலிகுதிரை நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அதனால்தான் பண்ணைகள் ஒரே வட்டாரத்தில் குவிந்து கிடக்கின்றன. பிப்ரவரி பாதி முதல் ஜூன் வரை பெட்டைகளை வண்டியில் ஏற்றிப் பொலிகுதிரை இருக்கிற பண்ணைக்குக் கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் விலை குறைந்த வேறொரு ஆண் குதிரையைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். உதைத்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று பொருள்.

வட அரைக்கோளத்தில் எந்தத் தேதியில் பிறந்தாலும் எல்லாத் தரோபிரட்டுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். டிசம்பர் 31-இல் ஒரு குட்டி பிறந்துவிட்டால் மறுநாளே அதற்கு ஒரு வயது, பந்தயத்தில் தன்னைவிட மூத்த குட்டிகளோடு ஓட வேண்டிவரும். ஆகவே ஜனவரிக்கு முன்னால் ஈனவும் கூடாது, அதிகம் தள்ளிப்போகவும் கூடாது. பெட்டை சீக்கிரம் பருவத்துக்கு வர டிசம்பர் தொடங்கியே லாயத்தில் விளக்கெரித்துப் பகல் நேரத்தை நீட்டுவார்கள்.

ஈற்று பெரும்பாலும் ராத்திரியில்தான். ஆள் நடமாட்டம் அடங்கட்டும் என்று பெட்டை காத்திருக்கிற மாதிரியே தோன்றும். ராக்காவல் இருப்பவர் மடியைப் பார்த்து, காம்பில் மெழுகு கட்டியிருப்பதைப் பார்த்து, இன்றைக்கா நாளைக்கா என்று சொல்வார். அந்தக் கண்ணுக்கு நான் படித்த படிப்பு ஈடில்லை. அங்கே எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி. இன்று அந்த லாயங்களில் பாதி பேச்சு ஸ்பானிஷில்தான்.

2001 வசந்தத்தைப் பற்றி அங்கே இருக்கும் பழையவர்கள் இன்னும் பேசுகிறார்கள். சில வாரங்களில் ஆயிரக்கணக்கான கருக்கள் கலைந்தன, குட்டிகள் செத்துப் பிறந்தன. முதலில் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. காட்டுச் செர்ரி மரங்களில் கூடு கட்டும் கம்பளிப்புழு அந்த வருடம் பெருகிப் புல்லெல்லாம் ஊர்ந்திருந்தது. மேய்ந்த பெட்டைகள் புல்லோடு புழுவையும் தின்றிருக்கின்றன. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் குதிரை ஆராய்ச்சி மையம்தான் அதைக் கண்டுபிடித்தது. பிறகு வேலியோரம் நின்ற செர்ரி மரங்களை வெட்டித் தள்ளினார்கள்.

#6 கிண்டிக்காரன்

சினைக்காலம் அக்கா, அருமை. நான் முப்பது வருடமாகக் கிண்டியில் பந்தயம் பார்க்கிறவன். எங்களுக்கு வம்சாவளிதான் வேதம். அந்தக் கண்ணோடு பார்த்தால் லெக்சிங்டனின் வரலாறு லெக்சிங்டன் என்ற குதிரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1850-இல் அந்த ஊரிலேயே பிறந்தது. ஏழு பந்தயம் ஓடி ஆறில் ஜெயித்தது. 1855-இல் நியூ ஆர்லியன்ஸில் நான்கு மைலை 7 நிமிடம் 19¾ விநாடியில் ஓடி முடித்தது. பிறகு கண் போய்விட்டது. ராபர்ட் அலெக்சாண்டர் 1856-இல் 15,000 டாலர் கொடுத்து வாங்கி வுட்பர்ன் பண்ணையில் பொலிகுதிரையாக வைத்தார். குருட்டுக் குதிரைக்கு இத்தனை பணமா என்று ஊர் பேசியிருக்கும். குட்டிகள் ஜெயித்த பணக் கணக்கில் அது 16 வருடம் அமெரிக்காவின் முதல் நிலைப் பொலிகுதிரையாக இருந்தது. இன்று வரை அதை எதுவும் தாண்டவில்லை.

ஆங்கிலேயர் 1913-இல் ஜெர்சி விதி கொண்டுவந்து அமெரிக்க இரத்தத்தைத் தங்கள் பதிவேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். நியூயார்க்கில் பந்தயம் முடங்கிப்போய் அமெரிக்கக் குதிரைகள் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்கிய காலம் அது. லெக்சிங்டனின் பழைய வம்சாவளியில் ஓட்டை இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஓட்டத்தில் பதில் வந்துகொண்டே இருந்ததால் 1949-இல் அதை எடுக்க வேண்டியதாயிற்று. ஆட்கள் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரத்தம் இல்லாமல் எந்தக் கை என்ன செய்துவிடும்?

#7 வேம்படி

கிண்டிக்காரன் சார், நீங்கள் சொன்ன குதிரையையே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முதலில் டார்லி என்று பெயர். பிறப்பித்தவர் எலிஷா வார்ஃபீல்ட் என்ற மருத்துவர். அதைப் பழக்கிப் பந்தயத்துக்குக் கொண்டு வந்தவர் ஹாரி என்ற பயிற்சியாளர். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். வார்ஃபீல்டிடமிருந்து குதிரையை ஓட்டக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஆனால் கறுப்பினத்தவர் தன் பெயரில் குதிரையைப் பந்தயத்தில் இறக்க முடியாது. அதனால் வார்ஃபீல்ட் பெயரில் ஓடியது. முதல் பந்தயத்தைக் கிழக்குப் பகுதித் திடலில் ஜெயித்தது. உடனே ரிச்சர்ட் டென் புரோக் என்ற பணக்காரர் விலைக்கு வாங்கிப் பெயரையும் மாற்றிவிட்டார். ஹாரி அதோடு கதையிலிருந்து வெளியேறிவிடுகிறார்.

நீங்கள் சொன்ன வுட்பர்னிலும் அதுதான். அன்செல் வில்லியம்சன் என்ற பயிற்சியாளரை 1864-இல் அலெக்சாண்டர் விலை கொடுத்து வாங்கினார். ஆளைத்தான் சார், குதிரையை இல்லை. எட்வர்ட் பிரவுன் சிறுவனாக விற்கப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவர். லெக்சிங்டனின் மகன் ஆஸ்டராய்டை ஓட்டினார். குதிரைக்குப் பதிவேட்டில் தாய், தகப்பன், பாட்டன் வரை எழுதி வைத்த அதே பண்ணை.

விடுதலைக்குப் பிறகு வில்லியம்சன் தயார் செய்த அரிஸ்டைட்ஸ்தான் 1875-இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியை வென்றது. ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பினத்தவர். அன்று ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். முதல் 28 டெர்பிகளில் 15 அவர்கள் வென்றவை. 1877 டெர்பியை வென்ற பேடன்-பேடன் குதிரையைப் பயிற்றியவர் அந்த எட்வர்ட் பிரவுன்.

லெக்சிங்டன் குதிரையின் எலும்புக்கூடு வெகுகாலம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு, 2010-இல் ஹார்ஸ் பார்க் அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தது. சுற்றுலாச் சின்னத்தில் இருக்கும் நீலக் குதிரையும் அதுதான். ஹாரிக்கு ஒரு படம்கூட என் கண்ணில் இதுவரை படவில்லை.

#8 கிண்டிக்காரன்

ஆளை விலை கொடுத்து வாங்கினார் என்று நீங்கள் எழுதிய வரியில் நின்றுவிட்டேன். முப்பது வருடம் வம்சாவளி அட்டை படித்திருக்கிறேன். பயிற்சியாளர் பெயர் பக்கம் கண் போனதே இல்லை. ஒப்புக்கொள்கிறேன் தம்பி.

இவ்வளவு பேர் இருந்தார்கள் என்றால், பிறகு எங்கே போனார்கள்? இன்றைய டெர்பியில் பார்க்க முடிவதில்லையே.

#9 வேம்படி

விரட்டப்பட்டார்கள் சார். பந்தயத்தில் பணமும் புகழும் பெருகப் பெருக, 1890களின் முடிவில் வெள்ளை ஜாக்கிகள் ஓட்டத்திலேயே அவர்களை வேலியோடு நெருக்கி, சாட்டையால் அடித்து விழுத்தினார்கள். குதிரை உரிமையாளர்கள் அவர்களை ஏற்றுவதை நிறுத்தினார்கள். டெர்பியைக் கடைசியாக வென்ற கறுப்பின ஜாக்கி லெக்சிங்டனுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஜிம்மி விங்க்ஃபீல்ட், 1901-இலும் 1902-இலும். 1904-இல் ரஷ்யாவுக்குப் போய்விட்டார். அங்கே ஜார் காலத்துப் பந்தயங்களில் பெரிய பெயர் எடுத்தார். புரட்சி வந்ததும் ஒடெசாவிலிருந்து இருநூறுக்கு மேல் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போலந்து போய்ச் சேர்ந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். 1961-இல் டெர்பி விருந்துக்கு அழைப்பு வந்து லூயிவில் போனார். விருந்து நடந்த ஓட்டலின் முன்வாசலில் அவரை உள்ளே விட மறுத்தார்கள். இரண்டு டெர்பி வென்றவர், அப்போது எண்பதை நெருங்கிய கிழவர்.

1921-க்குப் பிறகு டெர்பியில் இன்னொரு கறுப்பின ஜாக்கி ஓட 2000 வரை ஆனது.

லாயத்தில் மட்டும் அவர்கள் இருந்தார்கள். மேன் ஓ வாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1917-இல் லெக்சிங்டன் பக்கத்தில் பிறந்தது, 21 ஓட்டத்தில் 20 வெற்றி. ஃபாரவே பண்ணையில் அதைப் பார்த்துக்கொண்டவர் வில் ஹார்பட். லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். ஹார்பட் குதிரையின் பக்கத்தில் நின்று அதன் பெருமையைத் தன் வாயால் பாட்டுப் போல சொல்லுவார். அதைக் கேட்கவே கூட்டம் கூடியது. 1947 அக்டோபரில் ஹார்பட் இறந்தார். ஒரு மாதம் ஆகவில்லை, நவம்பர் 1-ஆம் தேதி குதிரையும் போய்விட்டது. ஹார்பட்டின் இரங்கல் செய்தியில் அவரைப் பிரிந்து வாடுவோர் வரிசையில் மனைவி, பிள்ளைகளுக்கு அடுத்து மேன் ஓ வார் பெயரையும் அச்சிட்டிருந்தார்கள். குதிரையின் இறுதிச் சடங்கை வானொலியில் ஒலிபரப்பினார்கள்.

#10 மணல்மேடு

எல்லாவற்றையும் படித்தேன். என் மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன். இது சூதாட்டத்துக்காக வளர்க்கப்படும் மிருகம். 2023 வசந்தத்தில் டெர்பி நடக்கும் லூயிவில் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் ஒரு மாதத்துக்குள் 12 குதிரைகள் செத்தன. அடிமை உழைப்பில் தொடங்கி குதிரையின் உடைந்த காலில் முடிகிற ஒன்றைப் பாரம்பரியம் என்று போற்றலாமா?

#11 சினைக்காலம்

மணல்மேடு, குதிரைக்கால் முறிந்து கிடப்பதை நேரில் பார்த்தவள் நான். அந்த ஊசியைப் போடுவது எங்கள் வேலை. ஆகவே உங்கள் கேள்வியை ஒதுக்கமாட்டேன்.

2020-இல் நாடு முழுவதற்கும் பொதுவான பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் மருந்து விதி வேறு. இது போதாது என்பதும் எனக்குத் தெரியும். என் கவலை இன்னொன்று: புகழ்பெற்ற ஒரே பொலிகுதிரையிடம் ஒரு பருவத்தில் இருநூறு பெட்டைக்கு மேல்கூடக் கொண்டுவருகிறார்கள். 140 என்று வரம்பு வைக்க தரோபிரட் பதிவேட்டை நடத்தும் ஜாக்கி கிளப் 2020-இல் விதி போட்டது. எதிர்ப்பும் வழக்கும் வந்து 2022-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரத்தம் ஒரே வட்டத்துக்குள் சுருங்கினால் அதன் விலையை எலும்புதான் கொடுக்கும்.

#12 வேம்படி

மணல்மேடு, போற்றச் சொல்லி இந்த இழையைத் தொடங்கவில்லை. நான் கேட்பது, வரலாறு என்று காட்டும்போது முழுதாகக் காட்ட வேண்டும் என்பது. இந்த ஊரின் பழைய நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சீப்சைட் என்ற சந்தை. கென்டக்கியின் பெரிய அடிமை ஏலச் சந்தைகளில் ஒன்று. அதே ஊர்ச் சந்தைக்குக் குதிரைகளும் விலைக்கு வந்தன. அங்கே நின்ற தென்தரப்புத் தளபதி ஜான் ஹண்ட் மோர்கன் சிலையை 2017-இல்தான் அகற்றினார்கள். இந்த ஊர்ப் பண்ணைகளில் புகுந்து நல்ல குதிரைகளைத் திருடிக்கொண்டு போன படை அவருடையது. 2020-இல் அந்த இடத்துக்கு ஹென்றி டாண்டி பெயரை வைத்தார்கள். அடிமையாகப் பிறந்து, ஊரின் பெரிய கட்டடங்களைக் கட்டிய கொத்தனார்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1958-இல் அமெரிக்காவிலேயே முதல்முதலாக நகரம் வளர எல்லை போட்ட ஊர் இது. அந்தக் கோட்டுக்கு வெளியே கழிவுநீர்க் குழாய் போகாது, வீட்டுமனை போட முடியாது. 2000 முதல் பண்ணைக்காரர்களுக்குப் பணம் கொடுத்து, நிலத்தை என்றைக்கும் மனையாக்க மாட்டேன் என்று எழுதி வாங்குகிறார்கள். அப்படியும் 2006-இல் உலக நினைவுச்சின்ன நிதியம், அழியும் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் இந்த வட்டாரத்தைச் சேர்த்தது. எல்லைக்கு உள்ளே வீட்டு வாடகை ஏறும்போது முதலில் இடம்பெயர வேண்டியிருப்பது கிழக்குப் பகுதிக்காரர்கள்தான். இதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

#13 மணல்மேடு

இப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். பந்தயம் பற்றிய என் கருத்து மாறவில்லை.

#14 கரிசல்மண்

அண்ணே, அக்டோபரில் தம்பி வீட்டுக்கு வருகிறேன், சின்சினாட்டி. ஒரு நாள் லெக்சிங்டனுக்கு ஒதுக்கலாம். எங்கே தொடங்கட்டும்?

#15 வேம்படி

வாங்க. ஒன்றரை மணி நேரப் பயணம்தான். எல்லாரும் கீன்லாண்டில் தொடங்குவார்கள், நீங்கள் கிழக்குப் பகுதியில் தொடங்குங்கள். மூன்றாம் தெருவும் மிட்லண்ட் அவென்யூவும் சேருமிடத்தில் ஐசக் மர்ஃபி நினைவுத் தோட்டம் இருக்கிறது. அவர் வாழ்ந்த வட்டாரம் அது. அங்கிருந்து கிழக்கு ஏழாம் தெருவுக்குப் போனால் அந்த இடுகாடு, ஆப்பிரிக்கன் செமட்ரி நம்பர் 2. ஏறத்தாழ எட்டு ஏக்கர். முதல் டெர்பி வென்ற ஆலிவர் லூயிஸ் அங்கேதான் இருக்கிறார். ஜாக்கிகள், பயிற்சியாளர்கள், லாயக்காரர்கள் என நிறையப் பேர். பல இடத்தில் கல் இல்லை, புல் மட்டும்தான், பார்த்து நடங்கள்.

அதற்குப் பக்கத்தில்தான் பழைய பந்தயத் திடல் இருந்தது. 1933-இல் மூடிய பிறகு அந்த நிலத்தில் ஏழைகளுக்கு அரசுக் குடியிருப்பு கட்டினார்கள், வெள்ளையருக்குத் தனி, கறுப்பினத்தவருக்குத் தனி. இப்போது அந்தக் குடியிருப்பும் இல்லை. ரேஸ் ஸ்ட்ரீட் என்று ஒரு தெருப் பெயர் மிஞ்சியிருக்கிறது.

மத்தியானம் கீன்லாண்ட். அக்டோபரில் பந்தயம் நடக்கும், சீக்கிரம் போய்விடுங்கள். அங்கே முதல் பந்தயம் 1936 அக்டோபரில் நடந்தது. போர்க்காலத்தில் ரயிலில் குதிரை ஏற்ற முடியாமல் போனதால், 1943-இல் அங்கேயே கூடாரம் போட்டுக் குட்டிகளை ஏலம் விட்டார்கள். அதில் விற்ற ஹூப் ஜூனியர் 1945 டெர்பியை வென்றது. இன்று உலகம் முழுவதுமிருந்து ஆள் வருகிற செப்டம்பர் ஏலமும் அதே திடலில்தான்.

உள்ளே போகும்போது வாசலில் கல் தூண்களைப் பாருங்கள். கே, ஏ என்று இரண்டு ஆங்கில எழுத்து செதுக்கியிருக்கும். கென்டக்கி அசோசியேஷன். காலையில் நீங்கள் பார்த்துவிட்டு வந்த கிழக்குப் பகுதித் திடலின் வாசல் தூண்கள் அவை. பெயர்த்துக் கொண்டு வந்து இங்கே நட்டிருக்கிறார்கள்.